முளைக்காத விதையும் இறுகிய மண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையை வெவ்வேறு ஊர்களிலிருந்து சொல்கின்றன. விதைத்தோம், முளைக்கவில்லை, முளைத்தவையும் தேறவில்லை. அவற்றுள் மண்ணின் தன்மையோடு நேரடித் தொடர்புள்ள கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பூச்சி, நோய் பற்றிய கேள்விகள் அடுத்த இதழில் இடம்பெறும்.

கேள்வி: எங்களுடையது செம்மண் பூமி. நிலக்கடலை விதைத்த மறுநாள் பலத்த மழை பெய்தது. அதன் பிறகு தொடர்ந்து நல்ல வெயில். பாதி விதைகூட வெளியே வரவில்லை. விதை வாங்கிய இடத்தில் கேட்டால், பையில் போட்டிருக்கும் முளைப்புத்திறன் சரியானதுதான், விதையில் குறையில்லை என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
– ஒரு விவசாயி, திருமயம் வட்டம்

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். பையில் அச்சிடப்படும் முளைப்புத்திறன் என்பது, ஆய்வகத்தில் ஈரத்தாளிலோ மணலிலோ விதைகளை வைத்து, வெப்பமும் ஈரமும் காற்றும் குறைவில்லாமல் கொடுத்து எண்ணப்படும் கணக்கு. சான்று விதையாக இருந்தால் நிலக்கடலையில் குறைந்தது 70 சதவீதமும், உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றில் 75 சதவீதமும், நெல்லில் 80 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண், விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதைச் சொல்லுமே தவிர, உங்கள் வயலின் மேல்மண்ணைப் பிளந்துகொண்டு அது வெளியே வருமா என்பதைச் சொல்லாது.

ஆகவே முதலில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். முளைக்காத இடமாகப் பார்த்து, விதைப்புச் சாலில் ஓரடி நீளத்துக்கு மண்ணை மெதுவாக விலக்கி, விதை என்ன நிலையில் கிடக்கிறது என்று பாருங்கள். போட்டபடியே காய்ந்து கிடந்தால் ஈரம் எட்டவில்லை. ஊதிப் பருத்து, விரலால் நசுக்கினால் கூழாகி நாற்றமடித்தால், நீர் தேங்கிக் காற்றில்லாமல் அழுகியிருக்கிறது அல்லது பூஞ்சணம் தாக்கியிருக்கிறது. வெறும் தோல் மட்டும் கிடந்தால் எறும்பு, கறையான், எலி ஆகியவற்றில் ஒன்றின் வேலை. விதை முளைத்து, தண்டு வழக்கத்தைவிடத் தடித்து வளைந்து, பருப்பின் இரு பிளவுகளும் மேல்மண்ணின் அடிப்பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றால், விதையின் மேல் பழியில்லை. நீங்கள் எழுதியிருக்கும் மழையையும் வெயிலையும் வைத்துப் பார்த்தால், கடைசியாகச் சொன்னதே நடந்திருக்கும் என்று கருதுகிறேன்.

புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் பகுதிகளின் செம்மண்ணில் இது பழைய தொல்லை. இம்மண்ணில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் குறைவு. மண்துகள்களை ஒன்றோடொன்று பிடித்துக் குருணையாக வைத்திருக்கும் பசை அந்த அங்ககப் பொருள்தான். அது குறைவாக இருக்கும் மண்ணில் பெரிய மழைத்துளி விழும்போது குருணைகள் உடைந்து பொடியாகி, வண்டலும் களியும் சேர்ந்த நுண்துகள்கள் மேற்பரப்பின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. பிறகு வெயில் அடிக்கும்போது, செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகளும் சேர்ந்து அந்தப் படலத்தை ஓடாக இறுக்கிவிடுகின்றன. அரை சென்டிமீட்டர் கனம் இருந்தாலே போதும், சிறு விதைகளின் முளைகள் திணறிப்போகும். ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் எடுத்துப் பார்த்தால், மேல்புறம் வழுவழுப்பாகவும் கீழ்ப்புறம் சொரசொரப்பாகவும் இருப்பது தெரியும்.

எல்லாப் பயிரும் இதற்கு ஒரே மாதிரி இடறுவதில்லை. உளுந்து, தட்டைப்பயறு, பருத்தி போன்றவை விதையிலைகளைத் தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு வருபவை. அகலமான இரண்டு பருப்புகளையும் இழுத்துக்கொண்டு ஓட்டைப் பிளக்க வேண்டியிருப்பதால் அவற்றுக்குச் சிரமம் அதிகம். நிலக்கடலையும் தன் தடித்த பருப்புகளைத் தரைமட்டம் வரை தள்ளிக்கொண்டு வருகிறது. துவரையும் கொண்டைக்கடலையும் விதையிலைகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, மெல்லிய குருத்தை மட்டும் மேலே அனுப்புகின்றன. சோளமும் கம்பும் கூரிய உறைக்குள் குருத்தை வைத்துத் துளைத்துக்கொண்டு வரும் வகை. ஆனால் கம்பு விதை சிறியது. அதனிடம் இருக்கும் சேமிப்பு உணவு சில நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குள் வெளிச்சத்தைப் பார்க்காவிட்டால் முளை மண்ணுக்குள்ளேயே மடிந்துவிடுகிறது.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாசன வசதி இருந்தால் லேசாகத் தண்ணீர் விட்டு, ஓடாக இறுகிய மேல்மண்ணை நனைத்துவிடுங்கள். இறவைப் பயிருக்கு விதைத்த மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் கொடுக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். பாசனம் இல்லாவிட்டால், முள் கிளைகளைக் கொத்தாகக் கட்டி, மேல்மண் மட்டும் கீறுபடும்படி சாலுக்குக் குறுக்கே ஒரு முறை இழுக்கலாம். முளை ஓட்டுக்கு மிக அருகில் வந்துவிட்ட பிறகு இதைச் செய்தால் தலை முறிந்துவிடும் என்பதால், நாளைத் தள்ளிப்போடாதீர்கள். தண்டு தடித்துப் பழுப்பேறிய முளைகள் இனித் தேறமாட்டா; அந்த இடங்களில் மறுவிதைப்பே வழி.

அடுத்த பருவத்துக்கு, ஏக்கருக்கு 4 டன் தொழுஉரம் அல்லது 5 டன் மக்கிய தென்னைநார்க் கழிவும், அதோடு 800 கிலோ ஜிப்சமும் கடைசி உழவில் இட்டுக் கலந்துவிடுங்கள். மண் அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால் ஜிப்சத்துக்குப் பதில் அதே அளவு சுண்ணாம்பு. நிலக்கடலைக்கு 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுகிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது காய் பிடிப்பதற்கான சுண்ணாம்புச் சத்து. முளைப்புக் காலம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் போடுவது, மேல்மண் இறுகுவதைத் தடுக்க உதவாது. உழும்போது மண் புட்டுப்பதத்தில் இருக்க வேண்டும்: கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். ரோட்டவேட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டி மாவாக்கிவிட்டு, நிலம் அழகாக இருக்கிறது என்று மகிழ்வது இந்தப் பகுதிகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. அடுத்த மழைக்கு இறுகும் ஓட்டை நாமே தயாரித்துக் கொடுக்கும் வேலை அது.

கேள்வி: கரிசல் நிலத்தில் மழைக்கு முன்பே விதைக்கச் சொல்கிறார்கள். காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருந்தால் விதை வீணாகாதா?
– ஒரு வாசகி, விளாத்திகுளம்

பதில்: ஆழம் சரியாக இருந்தால் வீணாகாது; ஆழம் தவறினால் நிச்சயம் வீணாகும். விஷயம் முழுவதும் அந்த ஓரிரு சென்டிமீட்டரில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. கரிசலில் மழை விழுந்த பிறகு ஏர் பூட்டவோ டிராக்டர் இறக்கவோ முடியாது. சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். பதம் வரும் வரை பொறுத்திருந்தால் ஒன்றிரண்டு வாரம் கைவிட்டுப் போய், பயிரின் கடைசிக் காலத்தில் ஈரம் பற்றாமல் போகிறது. அதனால்தான் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சோளம், பருத்தி போன்றவற்றைப் புழுதியில் விதைத்துவிடுகிறார்கள்.

கரிசலில் களி அதிகம். களித்துகள்கள் நீரைத் தம்மோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நூறு கிராம் மண்ணுக்குப் பதினைந்து கிராம் நீர் இருந்தால், மணற்பாங்கான செம்மண்ணில் அது நல்ல விதைப்பு ஈரம். அதே அளவு நீர் கனத்த கரிசலில் இருந்தால், தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரியும். விதையால் அதிலிருந்து முளைக்கப் போதுமான நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே கரிசலில் கண்ணுக்குத் தெரியும் ஈரத்தை நம்பி விதைக்கக் கூடாது.

நன்றாகக் காய்ந்த கரிசலில் 5 மில்லிமீட்டர் தூறல் விழுந்தால், உத்தேசமாக மேலே 2 சென்டிமீட்டர்தான் நனையும். விதை அந்த ஆழத்தில் கிடந்தால் ஊறி, முளையை நீட்டி, அடுத்த நாள் வெயிலில் செத்துப்போகும். அதையே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் தூறல் அதைத் தொடாது. 20 மில்லிமீட்டருக்குக் குறையாத ஒரு நல்ல மழை விழுந்தால்தான் ஈரம் விதையைத் தாண்டிக் கீழே இறங்கும், அப்போது முளைப்பது தொடர்ந்து வளர்வதற்கான ஈரத்தோடு முளைக்கும். கையால் தூவி விதைத்தால் இந்த ஆழம் சீராக அமையாது. விதைப்புக் கருவியையோ கலப்பைச் சாலையோ பயன்படுத்துங்கள். எள் போன்ற சிறு விதைகளை இந்த முறைக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றால் அவ்வளவு ஆழத்திலிருந்து ஏறி வர முடியாது.

கட்டிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கோடை உழவில் பெயர்ந்த பெரிய கட்டிகளை உடைக்க டீசலைச் செலவழிக்க வேண்டாம். கரிசல் மண் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். இரண்டு கோடை மழை விழுந்தால் கட்டிகள் தாமாகவே உதிர்ந்து குருணையாகிவிடும். விதைக்கும் நேரத்தில் இன்னும் கட்டி இருந்தால் மட்டும் உடைக்கலாம். கட்டிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் விழும் விதைக்கு மண்ணோடு தொடர்பு இல்லாததால், சுற்றிலும் ஈரம் இருந்தும் அது காய்ந்தே கிடக்கும்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சத் தொடங்கிய பிறகு வயலின் தன்மையே மாறிவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்காமல் நாள்கணக்கில் நிற்கிறது. காய்ந்தால் சிமெண்ட் தரையாகிறது. உப்பு என்று சிலரும், களர் என்று சிலரும் சொல்கிறார்கள். ஜிப்சம் போடலாமா?
– ஒரு விவசாயி, மணப்பாறை

பதில்: உவரும் களரும் வேறு வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி. மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டும், வெள்ளைப் பூப்பு தெரியும், ஆனால் மண் பொலபொலப்பாகவே இருக்கும், தண்ணீரும் இறங்கும். களர் நிலத்தில் உப்பின் மொத்த அளவு குறைவாகக்கூட இருக்கலாம். களித்துகள்களில் சோடியம் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் அங்கே நோய். கார அமில நிலை (pH) 8.5க்கு மேல் போகும், மாற்றீட்டுச் சோடியம், அதாவது களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சத்துகளில் சோடியத்தின் பங்கு, 15 சதவீதத்தைத் தாண்டும். சோடியம் ஏறிய களித்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாகச் சிதறி, மண்ணின் துளைகளை எல்லாம் அடைத்துவிடுகின்றன. உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகள் களரையே காட்டுகின்றன.

மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் மழைநீரையோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பு முடிவை மறைத்துவிடும். கோலிக்குண்டு அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக அதில் இறக்கி, குவளையை அசைக்காமல் இரண்டு மணி நேரம் வைத்திருங்கள். கட்டி உடைந்து சிறு சிறு குருணைகளாகச் சரிந்து, மேலே தண்ணீர் தெளிவாகவே இருந்தால், அங்ககப் பொருள் குறைவு என்று பொருள். முதல் கேள்விக்குச் சொன்ன வைத்தியம் போதும். கட்டியின் விளிம்பிலிருந்து பால் போன்ற கலங்கல் கிளம்பித் தண்ணீர் முழுவதும் பரவி, தெளியாமல் நின்றால், சோடியம் தன் வேலையைக் காட்டுகிறது. மறுநாளும் கலங்கல் அடங்காவிட்டால் நிலைமை முற்றியிருக்கிறது.

களரில் முளைக்கும் செடிக்கு இரண்டு இடர்கள் சேர்ந்து வருகின்றன. நனைந்திருக்கும்போது துளைகள் நீரால் அடைபட்டிருப்பதால் விதைக்குக் காற்று கிடைப்பதில்லை. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. காய்ந்த பிறகோ மேல்மண் பாறையாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் முளைக்கத் தகுந்த பதம் ஒருநாள், அரைநாள்தான் நிற்கும். தப்பி முளைத்த செடிகளுக்கு, கார நிலை உயர்ந்திருப்பதால் துத்தநாகமும் இரும்பும் கிடைக்காமல் இலைகள் வெளுக்கின்றன.

ஜிப்சம் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் வடிகால் இல்லாமல் போட்டால் பணம்தான் கரையும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம், களித்துகளில் இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. வெளியேறிய சோடியம், சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். அந்த நீரை வயலை விட்டு வெளியேற்றாவிட்டால் எல்லாம் பழையபடி அங்கேயே தங்கும். எனவே முதலில் நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். பிறகு மண் பரிசோதனை அறிக்கையில் கொடுக்கப்படும் ஜிப்சத் தேவையைப் பார்த்து, அதில் பாதியளவை மேல்மண்ணோடு கலந்து, நல்ல தண்ணீரைத் தேக்கிச் சில நாள் வைத்திருந்து வடித்துவிடுங்கள். இதை மழைக்காலத்தில் செய்தால் மழைநீரே நல்ல தண்ணீராக அமையும். அதன் பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட்டு நெல் வைக்கலாம். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து களர் நிலத்துக்கென்றே டிஆர்ஒய் வரிசை நெல் ரகங்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன. முதல் போகத்துக்கு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மண்ணை மட்டும் திருத்திவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மறுபடியும் களர் ஏறிவிடும். தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து, எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்) அளவு லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலண்டைத் தாண்டுகிறதா என்று கேளுங்கள். தாண்டினால், வாய்க்கால் தலைப்பில் தொட்டி ஒன்று கட்டி, அதில் ஜிப்சக் கட்டிகளைப் போட்டு, தண்ணீர் அதன் வழியாகப் போகும்படி செய்ய வேண்டும்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் பார் பிடித்துக் காய்கறி விதைக்கிறோம். பாரின் உச்சியில் போட்ட விதைகள் வருவதே இல்லை. சரிவில் தவறி விழுந்தவை நன்றாக வருகின்றன. என்ன காரணம்?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே சொல்ல வேண்டும். சாலில் பாயும் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் பாருக்குள் ஊறி மேலே ஏறுகிறது. போகும் வழியில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு போய், உச்சியில் வெயிலுக்கு ஆவியாகிவிட்டு, உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. உப்பு மிகுந்த நீரை விதையால் உள்ளே இழுக்க முடியாது. தவறி விழுந்த விதைகள் காட்டிய இடத்திலேயே இனி விதையுங்கள்: பாரின் சரிவில், நீர் ஏறும் மட்டத்துக்குச் சற்று மேலே. பயிரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவற்றின் விளைச்சல் மண்ணின் மின்கடத்தும் திறன் 1 டெசிசீமனைச் சற்றே தாண்டினாலும் குறையத் தொடங்கும். தக்காளி ஏறத்தாழ 2.5 வரையிலும், தட்டைப்பயறு 5 வரையிலும் தாங்கும். கொத்தவரை 8க்கு மேலும் தாக்குப்பிடிக்கும். இந்த அளவுகள் வளர்ந்த பயிருக்கானவை. நாற்றுப் பருவத்தில் பல பயிர்கள் இவ்வளவு உப்பைத் தாங்கமாட்டா என்பதால், முதல் இரண்டு பாசனத்தைத் தாராளமாகவே விடுங்கள்.

கேள்வி: குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பித் தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறேன். முளைக்கிறது, ஆனால் இரண்டு இலையோடு மஞ்சளாகி நின்றுவிடுகிறது. உரம் கொடுத்தும் மாற்றமில்லை.
– மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகி, சென்னை

பதில்: நார்க்கழிவு மக்காததாக இருக்கும். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை நீங்கள் ஊற்றும் உரத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் நாற்றுக்கு மிஞ்சுவதில்லை. யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்க வைத்தால் அந்த விகிதம் 24க்கு அருகே இறங்கும். அதுதான் நாற்றுக்கு ஏற்றது. உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து எடுத்த கழிவாக இருந்தால் உப்பும் சேர்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். விதைத்த தட்டுகளை அடுக்கி மூடி வைக்கும் வழக்கம் இருந்தால், முளை தெரிந்த அன்றே பிரித்து வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். தக்காளி நான்கைந்து நாளிலும், மிளகாய் ஒரு வாரத்துக்குப் பிறகும் முளைக்கும் என்பதால் இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்க வேண்டாம்.

கேள்வி: நேரடி நெல் விதைப்பில், தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் மட்டும் பயிர் வெள்ளைக் குச்சியாக நீண்டு, பிறகு காணாமல் போகிறது. நெல் தண்ணீரில் வளர்வதுதானே?
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: வளர்ந்த நெல் வேறு, முளைக்கும் நெல் வேறு. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் நொதித்தல் மூலம் ஆற்றல் பெற்று முளைக்கும் திறன் நெல்லுக்கு உண்டு. பெரும்பாலான தானியங்களுக்கு அது கிடையாது. ஆனால் அந்த நிலையில் முளைக்குருத்து உறை மட்டும், நீர்மட்டத்தைத் தாண்டிக் காற்றைத் தொடுவதற்காக நீண்டுகொண்டே போகும். வேரும் இலையும் வளராது. நீங்கள் பார்த்த வெள்ளைக் குச்சி அந்த உறைதான். அது காற்றைத் தொட்டுவிட்டால் பிழைக்கும். தொடுவதற்குள் விதையின் மாவுப்பொருள் தீர்ந்துவிட்டாலும், வேர் ஊன்றாததால் அலையில் மிதந்து போனாலும் அதோடு சரி.

நீருக்குள்ளும் வேகமாக முளைக்கும் இயல்பு மியான்மர் நாட்டின் காவ் லான் ஆன் என்னும் பாரம்பரிய நெல்லில் இருப்பதையும், அதற்குக் காரணமான மரபணுவையும் 2015இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். நமக்கு உடனடியாகக் கைகொடுப்பது நிலத்தைச் சமப்படுத்துவதுதான். லேசர் கருவி வாடகைக்குக் கிடைத்தால் ஒரு முறை செய்துவிடுங்கள். மேடு பள்ளம் குறைந்தாலே உங்கள் தொல்லை பெரும்பாலும் தீரும். சேற்று விதைப்பானால், முளைகட்டிய விதையை விதைத்த பின் தேங்கும் நீரை வடித்து, முதல் இலை பச்சையாகும் வரை மண்ணைச் சேறாக மட்டும் வைத்திருங்கள்.

கேள்வி: "அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்லா நிலத்துக்கும் அது பொருந்துமா? எங்கள் நிலத்தில் மக்காச்சோளம் நன்றாக முளைத்து, முழங்கால் உயரம் வந்ததும் தேங்கிவிடுகிறது.
– ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. அடிமண் களராகவோ சுண்ணாம்புக் கற்களாகவோ உள்ள நிலத்தில் ஆழப் புரட்டினால், கீழே இருக்க வேண்டிய கெட்ட மண்ணை மேலே கொண்டுவந்து, நல்ல மண்ணைப் புதைத்துவிடுவோம். ஆழமாகக் கீறுவது வேறு, ஆழமாகப் புரட்டுவது வேறு.

உங்கள் மக்காச்சோளம் தேங்கும் உயரத்தைப் பார்த்தால், அடியில் தட்டு விழுந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் கலப்பையை ஓட்டுவதாலும், ஈர மண்ணில் டிராக்டரின் பாரம் அமுக்குவதாலும், 15 முதல் 30 சென்டிமீட்டருக்குக் கீழே மண் இறுகி ஒரு தளமாகிவிடுகிறது. நன்றாக உள்ள மண்ணில் ஒரு கன சென்டிமீட்டர் 1.3 கிராம் அளவில் எடை இருக்கும், அது 1.6ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் உள்ளே நுழையத் திணறும், களி மிகுந்த மண்ணில் அதற்கு முன்பே நின்றுவிடும். தேங்கிய செடி ஒன்றின் பக்கத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரில் மேலிருந்து கீழாகக் கத்தி முனையால் குத்திக்கொண்டே வாருங்கள். கத்தி இறங்க மறுக்கும் இடமும், வேர்கள் நேராக இறங்குவதை விட்டுப் பக்கவாட்டில் திரும்பும் இடமும் ஒன்றாக இருந்தால், அதுதான் தட்டு.

அப்படி இருந்தால் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக, 40 முதல் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓட்டுங்கள். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் கோடையில் ஓட்டினால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் உளி போன தடம் மட்டும் கோடாக விழுந்து, சில நாளில் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். குழியில் தட்டு எதுவும் தென்படாவிட்டால் உளிக்கலப்பைக்குச் செலவு செய்யாமல், மண் பரிசோதனையில் துத்தநாகத்தையும் தழைச்சத்தையும் பாருங்கள்.

கேள்வி: மலைப்பகுதியில் கேரட் பயிரிடுகிறோம். முளைக்கத் தாமதமாகிறது, கிழங்கும் இரண்டு மூன்றாகப் பிரிந்து போகிறது.
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கேரட் இயல்பிலேயே மெதுவாக முளைப்பது. குளிர்ந்த மண்ணில் இரண்டு வாரமும் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் முளைக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். விதையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போடாமல், சலித்த மக்கு உரத்தால் மெல்லியதாக மூடி, முளைக்கும் வரை மேற்பரப்பு காயாமல் நீரை மெதுவாகத் தெளித்து வாருங்கள். பீச்சியடித்தால் மேல்மண் இறுகிவிடும். கிழங்கு பிரிவதற்குக் கல்லும், இறுகிய அடிமண்ணும், மக்காத சாணமும் காரணங்கள். ஆணிவேரின் நுனி எதிலாவது முட்டியோ கருகியோ போனால் பக்க வேர்கள் பருக்கத் தொடங்கிவிடும். சாண உரத்தைக் கேரட்டுக்கு முந்தைய பயிருக்கு இட்டுவிட்டு, கேரட்டை அதன் மிச்சத்தில் விளைவிப்பது நல்லது. நீலகிரி மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது என்பதால், பரிசோதனை முடிவுப்படி டாலமைட் சுண்ணாம்பை விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே இட்டுக் கலந்துவிடுங்கள். விதைப்பன்று போட்டால் அது அந்தப் பருவத்துக்கு வேலை செய்வதற்குள் கேரட் பாதி வளர்ந்திருக்கும்.